படகில் கால் படாமல்

இந்தக் காலத்தில் யாரும் யோசனை கேட்க வருவதில்லை. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கப்பலில் இடமும் பிடித்துவிட்டு, அப்புறம் வந்து எதிரில் உட்கார்ந்து, "நீங்க என்ன சொல்லுறீங்க?" என்கிறார்கள். சரி என்று சொன்னால் பெரியவர் ஆசீர்வாதம் செய்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் பெரியவருக்கு உலகம் தெரியாது. அந்த நாளில் கப்பல் ஏறியவன் வயிற்றுக்காக ஏறினான். இப்போது சுற்றிப் பார்க்க ஏறுகிறார்களாம். என்ன இருக்கிறது பார்க்க? எங்கே போனாலும் மேலே வானம், கீழே மண், நடுவே நம்மை ஏமாற்ற ஒருத்தன்.

தனக்கோடி வந்ததும் அப்படித்தான். அறுபத்திரண்டாம் வருஷம், மாசிமகக் கூட்டம் கலைந்த மறு வாரம். தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெரு முழுக்க மணல். காரைக் கொண்டுவராதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை. பாதித் தெருவில் சக்கரம் புதைந்து, வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கீழே இறங்கியதும் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தான்.

தனக்கோடி என் தங்கை சின்னப்பிள்ளையின் புருஷன். கல்யாணமான மறு வருஷமே மலேயாவுக்குப் போய்விட்டான். நடுவில் ஜப்பான்காரன் சண்டை வந்து கடிதாசி நின்றது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுகூட நினைத்தோம். சண்டைக்குப் பிறகு ஒரு தடவை வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடி போனான். எல்லாம் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல். அத்தனை வருஷமும் சின்னப்பிள்ளை என் வீட்டில்தான் இருந்தாள். கூடை தூக்கி மீன் விற்று அவள் வயிற்றை அவளே பார்த்துக்கொண்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வந்தவன் கடற்கரையில் தங்கவில்லை. சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு பிடித்து, பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை வாங்கி, கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். சின்னப்பிள்ளை அங்கே போவாள். இரண்டு நாள் இருப்பாள். அப்புறம் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுகிறவளும் இல்லை.

அன்றைக்குத் தனக்கோடி ஒரு பெரிய தேசப்படத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்தான். காற்றில் பறக்காமலிருக்க, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை என்னைக் கேட்காமலே எடுத்து நாலு மூலையிலும் வைத்தான்.

"மச்சான், இங்க பாருங்க. இது நாகப்பட்டணம். இங்க கப்பல் ஏறுறோம், காரும் கூடவே வருது. இது பினாங்கு. அங்கேருந்து ரோடுதான். ஈப்போ, தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர், மலாக்கா, ஜொகூர், கடைசியா சிங்கப்பூர். அதே ரோட்டுல திரும்பி வந்து மறுபடி கப்பல்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க."

சின்னப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நான் ஒண்ணும் ஊர் சுத்தக் கேக்கல. இருபது வருஷமா அங்க என்னா பண்ணினேன்னு இவரக் கேட்டேன். ரோடு போட்டேன்னாரு. எங்க, காட்டுன்னேன். அவ்வளவுதான்."

"அதான் படத்துல காட்டுறானே. போதாதா?"

"படத்துல நூலாட்டம் இருக்குது, அண்ணே. நூலு போடவா இருபது வருஷம்?"

தனக்கோடி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே, மலை இறங்குகிற இடத்தில், தார் காய்ச்சி ஊற்றி அவனும் அவனோடு இருந்த ஆட்களும் போட்ட ரோடாம். லாரியின் பின்னால் நின்றுகொண்டுதான் அதில் போயிருக்கிறானாம். உட்கார்ந்து போனதே இல்லையாம்.

இதை நான் நம்பவேண்டுமாம். இருபது வருஷம் ஓர் ஊரில் இருந்தவனுக்கு அங்கே ரோடு மட்டும்தான் இருக்குமா? சோறு பொங்கிப் போட்டவள் யார்? அவளுக்குப் பிள்ளை உண்டா? இவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டில் வேலைக்காரி மாதிரி உட்கார வைத்துவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்? எனக்குத் தெரிந்த கடல், கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான். அந்தப் பக்கம் யாரையும் எனக்குத் தெரியாது. பெண்டாட்டியைக் கூடவே வைத்துக்கொள்ளத் தெரியாதவன் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று யோசித்தேன். ஆனால் இதையெல்லாம் அவள் எதிரில் சொல்ல முடியவில்லை.

என் பெண்டாட்டி அமராவதிக்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது. படத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, வழியில சோறு கெடைக்குமா, இல்ல அரிசி எடுத்துக்கினு போவணுமா?"

"சோறு கெடைக்கும். கருவாடு மட்டும் எடுத்துக்கினா போதும். நெத்திலி."

"ஸ்டவ்வு?"

"அதுவும். டயர் ரெண்டு ஜாஸ்தியா வாங்கி வெச்சிருக்கேன். பாஸ்போர்ட்டும் வந்துருச்சு, பாருங்க."

சிதம்பரம் கீழவீதியில் போட்டோ எடுத்திருந்தார்கள். அதில் என் தங்கை, மீனுக்கு விலை குறைத்துக் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "மாப்ளே, நாகப்பட்டணத்துல கப்பல் கரைக்கே வந்துடுமா?"

"எப்டி வரும் மச்சான்? ஆழம் ஏது? கப்பல் தூரத்துல நிக்கும். காரைப் படகுல ஏத்திக்கினு போனா, கப்பல்ல கிரேன் போட்டுத் தூக்கிடுவாங்க."

"சின்னப்பிள்ளை எப்படிப் போவா?"

"அவளும் படகுலதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

இருபது வருஷம் வெளியில் இருந்தவனுக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் வகையறாவில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் கூடையோடு ஓடத்தில் ஏறி உப்பனாறு தாண்டுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தூரமானாலும் பாலத்தைச் சுற்றித்தான் நடப்பார்கள். அமராவதி வேறு வகையறாவிலிருந்து வந்தவள். கல்யாணத்தன்று அவளுக்கும் சொன்னார்கள், அவளும் அன்றிலிருந்து நடக்கிறாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கால் பட்டால் படகு திரும்பாது என்று என் அப்பா சொன்னார். அவருக்கு அவர் அப்பா சொன்னார். அது போதும்.

தனக்கோடி முகத்தில் ஈயாடவில்லை. "மெட்ராஸ் பட்டணத்துல போயி ஏறினா கப்பல் துறைமுகச் சுவரோரமா நிக்கும், மச்சான். ஆனா அங்க கார் ஏத்த இந்த வருஷம் இடம் இல்லேன்னுட்டாங்க. நாகப்பட்டணத்துலதான் கெடைச்சுது."

"அப்ப நீ மட்டும் போயிட்டு வா. போனவன்தானே."

"கப்பல் மட்டும் என்னாவாம்? அதுவும் படகுதானே?" என்றாள் அமராவதி. யார் பக்கம் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"படகுதான்," என்றேன்.

"எப்டி? அதுல அடுப்பு எரியுது, கக்கூஸ் இருக்குது, பாய் போட்டுப் படுக்குறாங்க. வலை போடுறதில்ல. அது வீடு மாரி. நடுவுல இருக்குற படகுதான் தொல்லை."

நான் படத்தை மறுபடி பார்த்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் தண்ணீருக்கு நீலம் என்று தெரியும். பினாங்கைச் சுற்றி நீலம். "இது தீவு இல்லியா? இங்கேருந்து எப்படி ரோட்டுக்கு வருவே? இங்கயும் ஒரு படகா?"

"அது ஒண்ணுமில்ல மச்சான். பெர்ரி இருக்குது. காரை நேரா அது மேல ஓட்டிக்கினு போயி நிறுத்திட வேண்டியதுதான். யாரும் எறங்க மாட்டாங்க. உள்ளயே குந்திக்கினு இருந்தா அக்கரை வந்துடும்."

வாசலில் அரிவாள்மணைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கோடி படத்தைச் சுருட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் சின்னப்பிள்ளை சிதம்பரம் போகவில்லை. பேச்சும் இல்லை. ஒருநாள் நான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, படகுல கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொல்லுறாங்க?"

"ஆமா."

"கால்தானே?"

"கால்தான். பின்ன தலையா?"

அப்போதே என் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். அவள் சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினாள். மறுநாள் காலையில் கார் வந்துவிட்டது. இந்தத் தடவை தெருமுனையிலேயே நின்றது.

அவள் சொன்னது இதுதான். கரையிலேயே காரில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். காரைப் படகில் ஏற்றட்டும், கிரேன் போட்டுக் கப்பலுக்குத் தூக்கட்டும், அவள் இறங்கமாட்டாள். கால் இருப்பது காரில். படகில் இருப்பது காரின் கால். வகையறா வழக்கத்தில் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஆளை வெச்சிக்கினு கிரேன்காரன் தூக்குவானாடி?" என்றான் தனக்கோடி.

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்? பின்சீட்டுல பாயோட பாயா படுத்துக்குறேன்."

அமராவதி வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க வகையறாவுக்கு உங்க தங்கச்சிதான் சரி," என்றாள் என்னிடம்.

எனக்கு ஆத்திரம். ஆனாலும் அதில் எங்கே ஓட்டை என்று உடனே பிடிபடவில்லை. "வாயால சொல்லிட்டா ஆச்சா? படகு ஆடும். ஆடுனா தானா கால் கீழ வரும்," என்றேன்.

"அப்ப பாத்துடலாம்," என்றாள் சின்னப்பிள்ளை. "பரங்கிப்பேட்டையில வெள்ளாத்துக்கு வண்டி ஏத்துற சங்காடம் இருக்குதே. அதுல ஏறி அக்கரை போயி, அப்டியே கிள்ளை வழியா சிதம்பரம் போயிடலாம். நீயும் வா. கால் பட்டுச்சா இல்லியான்னு நீயே பாரு. பட்டுச்சுன்னா நான் போவல. படலேன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

போனேன். முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் சன்னலில் ஓடின. தனக்கோடி வழி முழுக்க அந்த ஊர் ரோட்டைப் பற்றியே பேசினான். இந்த ரோட்டில் இருந்த பள்ளத்துக்கெல்லாம் தன்னைக் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்பது போல ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே வந்தான்.

வெள்ளாற்றுத் துறையில் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்திருந்தார்கள். அதுதான் சங்காடம். மாட்டுவண்டிகள் அதில்தான் ஆற்றைத் தாண்டும். அதை ஓட்டுகிறவன் அந்தோணிசாமி. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான்.

"மாடு ஏறியிருக்குது, வைக்கோல் போர் ஏறியிருக்குது. காரு இதான் மொத தடவை. அம்மா எறங்கிட்டா நல்லது."

"எறங்க மாட்டாங்க," என்றான் தனக்கோடி.

"கால்ல ஏதாச்சும் சொகமில்லியா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்றேன் நான். "புத்திதான் சரியில்ல."

கரையிலிருந்து பலகை போட்டு மெதுவாக ஏற்றினார்கள். சங்காடம் ஒரு முழம் அமிழ்ந்தது. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார்கள். சின்னப்பிள்ளை பின்சீட்டில் இரண்டு காலையும் மேலே மடித்து வைத்துக்கொண்டு, மடியில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தோணிசாமி கழி ஊன்றினான். நான் பலகைமேல் நின்றேன்.

நடு ஆறு வரைக்கும் ஒன்றும் இல்லை. தனக்கோடிக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பலகைமேல் இங்கும் அங்கும் நடந்து, "பாத்தீங்களா மச்சான், கோயில் தேராட்டம் போவுது," என்றான். முகத்துவாரம் பக்கத்திலிருந்து நீரேற்றம் திரும்பியிருந்தது. ஓர் அலை வந்து சங்காடத்தின் ஓரத்தைத் தூக்கியது. பின்சக்கரத்தின் கீழே இருந்த கல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. மற்றக் கற்களும் நழுவ, கார் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

வேகமாக இல்லை. மெதுவாகத்தான். மெதுவாகப் போனதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பின்சக்கரங்கள் ஓரத்துச் சட்டத்தில் போய் முட்டி நின்றன. அந்தச் சட்டம் வண்டிச் சக்கரத்துக்கு வைத்தது. கார் கனத்துக்கு அது முனகியது. சங்காடம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"எறங்குடி!" என்று தனக்கோடி கத்தினான்.

"அம்மா, எறங்கிடுங்க!" என்றான் அந்தோணிசாமி.

சின்னப்பிள்ளை கதவின் கைப்பிடியை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எறங்க மாட்டேன். எறங்கினா கால் வெச்சாப் போல ஆயிடும்."

நான் காரின் முன்பக்கத்து இரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கடலில் ஆள் விழுந்து பார்த்திருக்கிறேன். நீச்சல் தெரிந்தவன் விழுவது வேறு. கதவு மூடிய பெட்டிக்குள் ஒருத்தி விழுவது வேறு. "சின்னப்பிள்ளை! எறங்கித் தொலை! சொல்லுறேன் இல்ல, கீழ எறங்கு!" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் சன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பி, சந்தையில் பேசுகிற குரலில், "அங்க நின்னுக்கினு என்னா கத்துறே? உள்ள வந்து பிரேக்க மிதி," என்றாள்.

தனக்கோடி பாய்ந்து உள்ளே ஏறி மிதித்தான். அந்தோணிசாமி கழியை அடியில் கொடுத்து நெம்பினான். நான் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். சட்டம் தாங்கியது. ஒரு வழியாக அக்கரை வந்தோம். கார் பலகை வழியாக மணலில் இறங்கிய பிறகுதான் அவள் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். கூடையில் இருந்த மீன் ஒன்றுகூடச் சிந்தவில்லை.

தனக்கோடி அந்தப் பக்கம் போய், குனிந்து, வாந்தி எடுத்தான். அந்தோணிசாமி அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "கப்பலுக்குப் போறவன் மொகமா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சின்னப்பிள்ளை என் எதிரில் வந்து நின்றாள்.

"என்னை எறங்குன்னு சொன்னியே, அண்ணே."

"அது ஆபத்துக்குச் சொன்னது."

"ஆபத்துன்னா கால் வைக்கலாமா?"

நான் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப உனக்குப் படகு கவலை இல்ல. வேற எதுவோ கவலை. அதச் சொல்லு."

சொல்லிவிட்டேன். இனிமேல் எதற்கு மூடி வைப்பது? "அவனுக்கு அங்க யாரு இருக்காங்களோ, என்னா இருக்குதோ. உன்னை அங்கயே உட்டுட்டு வந்தா என்னா பண்ணுவே? பாஷை தெரியாது, வழி தெரியாது. யாரைக் கேப்பே?"

அவள் கோபப்படவில்லை. கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "இங்க இருபது வருஷம் உட்டுட்டுப் போனாரு. அங்க உட்டா என்னா புதுசு? போயிப் பாக்குறேன். ரோடு இருந்தா, செரி, இதத்தான் பண்ணினாருன்னு சிதம்பரத்துல போயி இருக்குறேன். ரோடு இல்லேன்னா அவரை அங்கயே உட்டுட்டு நான் மட்டும் திரும்பி வந்துடுறேன்."

"காரு?"

"காரையும் எடுத்துக்கினு வந்துடுவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"போற வழியிலதான் கத்துக்கப் போறேனே. அவ்ளோ பெரிய ரோடு, என்னாத்துக்கு இருக்குது?"

தனக்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். காதில் விழுந்ததோ இல்லையோ தெரியவில்லை. கைப்பிரேக் கம்பி தளர்ந்திருந்ததாம், சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் புதிதாகப் போட்டுவிடுவானாம், நாகப்பட்டினத்துப் படகில் கயிறு கட்டுவார்களாம், இப்படி ஆகவே ஆகாதாம். ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன். ஆகவே ஆகாது என்று சொல்லுகிறவனிடம்தான் எல்லாம் ஆகும்.

"ஏறுங்க மச்சான். சிதம்பரம் வந்து சாப்டுட்டு, சாயந்திரம் பஸ்ல போயிடலாம்," என்றான்.

"நான் கிள்ளை ஸ்டேஷன்ல ரயில் புடிச்சுக்குறேன்."

"வெயிலுல நடந்தா?"

"எனக்குக் கால் இருக்குது."

சின்னப்பிள்ளை இந்தத் தடவை பின்சீட்டில் ஏறவில்லை. முன்பக்கம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் எதையோ மிதிப்பதையும் எதையோ இழுப்பதையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

நான் சவுக்குத் தோப்பு ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்தில் கார் என்னைத் தாண்டிப் போனது. ஹார்ன் அடித்தார்கள். புழுதி அடங்கும் வரைக்கும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மலேயாவில் ரோடு இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா ஊரிலும்தான் ரோடு இருக்கிறது. ஆனால் மலை இறங்குகிற இடத்தில் ஒரு ரோட்டைக் காட்டி, இதை நான்தான் போட்டேன் என்று அவன் சொன்னால், இல்லை என்று சொல்ல அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? தார் என்ன பேசுமா? இதை அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கார் அதற்குள் திருப்பத்தில் மறைந்துவிட்டது. நான் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.